சோற்றுக்கும் காவல்! மலேயாக் காட்டில் 12 ஆண்டு பட்டாளம்

1948-ம் ஆண்டு ஜூன் மாதம் 16-ந் தேதி, புதன்கிழமை. காலை 8.30 மணி.

மலேயாவில் பேராக் மாநிலம். அங்கே சுங்கை சிப்புட் என்ற ஊருக்குப் பக்கத்தில் எல்பில் என்று ஒரு ரப்பர் தோட்டம். தொழிலாளர்கள் பால் வெட்டப் போயிருந்தார்கள். மேனேஜர் வாக்கர் துரை ஆபீசில் இருந்தார்.

சைக்கிளில் மூன்று சீன வாலிபர்கள் வந்தார்கள். "வணக்கம் துரை" என்று மலாய் பாஷையில் சொன்னார்கள். துரையும் பதில் வணக்கம் சொன்னார். அடுத்த நிமிஷம் துப்பாக்கி வெடித்தது. துரை பிணமாகச் சாய்ந்தார். வந்தவர்கள் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்கள். பெட்டியில் இருந்த பணத்தைத் தொடவில்லை.

கொஞ்ச நேரத்தில், சில மைல் தள்ளி இருந்த வேறொரு தோட்டத்தில் இன்னும் இரண்டு வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

இரண்டே நாள்தான். ஜூன் 18-ந் தேதி மலேயா முழுவதிலும் 'அவசர நிலை' பிரகடனம் செய்யப்பட்டது. பட்டாளம் இறங்கியது. அந்த அவசரம் முடிய 12 ஆண்டு ஆயிற்று!

சொந்த நாட்டு மக்கள் நடுவே பட்டாளத்தை இறக்கினால் என்ன நடக்கும்? அதற்கு மலேயாவைப் போல் முழுக் கதை சொல்லும் நாடு குறைவு. நல்லதும் அங்கே நடந்தது. கெட்டதும் நடந்தது. அதில் நம்மவர்களின் கதையும் இருக்கிறது. ஏனென்றால் அந்த ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் ஏராளமானோர் தமிழர்கள்.

போர் என்று சொல்லாத போர்

சுட்டவர்கள் யார்? மலேயாக் கம்யூனிஸ்டு கட்சியைச் சேர்ந்தவர்கள் என்றது சர்க்கார். அந்தக் கட்சிக்குத் தலைவர் சின் பெங். அப்போது அவருக்கு வயது 23-தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டாவது உலகப் போரின்போது மலேயாவை ஜப்பான் பிடித்துக்கொண்டது. அப்போது காட்டுக்குள் இருந்து ஜப்பானை எதிர்த்தவர்கள் இதே கம்யூனிஸ்டுகள். அவர்களுக்குத் துப்பாக்கி கொடுத்தது பிரிட்டிஷார். போர் முடிந்ததும் சின் பெங்குக்கு ஓ.பி.இ. பட்டம் கூடக் கொடுத்தார்கள். பிறகு அதைப் பறித்துக்கொண்டார்கள். கொடுத்த துப்பாக்கிகள் எல்லாம் திரும்பி வரவில்லை. பல காட்டுக்குள்ளேயே புதைந்து கிடந்தன. 1948-ல் அவை மறுபடியும் வெளியே வந்தன.

12 ஆண்டு சண்டை நடந்தும் பிரிட்டிஷ் சர்க்கார் அதைப் 'போர்' என்று சொல்லவே இல்லை. போர் என்று சொன்னால், தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் ஏற்படும் நஷ்டத்துக்கு லண்டன் இன்சூரன்ஸ் கம்பெனிகள் பணம் கொடுக்கமாட்டா. ஆகவே 'அவசர நிலை' என்றே பெயர். எதிரிக்கும் பெயர் மாறியது. முதலில் 'கொள்ளைக்காரர்கள்' என்றார்கள். 1952-ல் இருந்து 'கம்யூனிஸ்டு பயங்கரவாதிகள்' என்றே எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள்.

கொசுவை அடிக்க உலக்கை

பட்டாளம் எங்கெங்கிருந்தோ வந்தது. கூர்க்காக்கள் வந்தார்கள். கட்டாய ராணுவ சேவைக்குப் பிடிக்கப்பட்ட 19 வயது இங்கிலீஷ் பிள்ளைகள் வந்தார்கள். பின்னால் ஆஸ்திரேலியாவில் இருந்தும், நியூசிலாந்தில் இருந்தும், பிஜித் தீவில் இருந்தும், ஆப்பிரிக்காவில் இருந்தும் வந்தார்கள். காட்டில் தடம் பார்க்க சரவாக்கில் இருந்து இபான் இனத்தாரைக் கொண்டுவந்தார்கள்.

மலேயாக் காடு பகலிலேயே இருட்டு. பத்து அடி தள்ளி நிற்கும் ஆள் தெரியமாட்டான். அட்டைக் கடி, மழை, சேறு. அதற்குள் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் வரிசையாகப் புகுந்தார்கள். பீரங்கி சுட்டது. விமானம் குண்டு போட்டது. போய்ப் பார்த்தால் காலிக் கொட்டகைதான் இருக்கும். அடுப்பில் சூடுகூட ஆறியிருக்காது. ஆட்களைக் காணோம்!

ஆள் அகப்படாத கோபம் யார் மேல் திரும்பும்? காட்டோரத்தில் குடியிருந்த ஏழைகள் மேல் திரும்பியது.

1948-ம் ஆண்டு டிசம்பர் மாதம். சிலாங்கூர் மாநிலத்தில் பத்தாங் காலி என்ற இடம். அங்கே ஒரு ரப்பர் தோட்டத்துக் குடியிருப்புக்குள் ஸ்காட்லாந்துப் பட்டாளம் ஒன்று புகுந்தது. ஆண்களைத் தனியாகப் பிரித்தார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் லாரியில் ஏற்றினார்கள். ஆயுதம் எதுவும் இல்லாத 24 சீனத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். மயங்கி விழுந்த ஒரே ஒரு ஆள் பிழைத்தார்.

"தப்பி ஓடினார்கள். அதனால் சுட்டோம்" என்றது சர்க்கார் அறிக்கை. 21 ஆண்டு கழித்து, 1970-ல், அந்தப் பட்டாளத்தைச் சேர்ந்த சிலரே லண்டன் பத்திரிகை ஒன்றிடம் உண்மையைச் சொன்னார்கள். 'யாரும் ஓடவில்லை, கொல்லச் சொன்னார்கள், கொன்றோம்' என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். விசாரணை ஆரம்பமாயிற்று. அதே ஆண்டில் அதை நிறுத்திவிட்டார்கள். செத்தவர்களின் பிள்ளைகள் கிழவர்களாகி, லண்டன் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார்கள். விசாரணை நடத்தவேண்டிய கடமை சர்க்காருக்கு இல்லை என்று 2015-ல் தீர்ப்பாயிற்று.

தோட்டத்துத் தமிழர் பட்ட பாடு

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். தோட்டத்துத் தமிழர் நிலைமை அதுதான்.

இரவில் காட்டில் இருந்து ஆட்கள் வருவார்கள். அரிசி கேட்பார்கள். பணம் கேட்பார்கள். கொடுக்காவிட்டால் லயத்துக்குத் தீ வைப்பார்கள். பால் மரங்களைக் கண்டபடி வெட்டிச் சாய்ப்பார்கள். மரம் போனால் தொழிலாளிக்குக் கூலி போயிற்று.

விடிந்தால் பட்டாளமும் போலீசும் வரும். "ராத்திரி யார் வந்தது? ஏன் சொல்லவில்லை?" என்று கேட்கும்.

12 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் போட்டோ ஒட்டி, கைரேகை வைத்த அடையாளச் சீட்டு கொடுத்தார்கள். அது இல்லாமல் வெளியே போனால் போலீஸ் பிடிக்கும். அது இருப்பதைக் கண்டால் காட்டுக்காரர்கள் பிடுங்கிக் கிழித்துப் போடுவார்கள். இதில் ஏழைத் தொழிலாளி யாருக்கு நல்லவனாக இருப்பது?

தொழிற்சங்கத்தில் இருந்தவர்கள் பாடு இன்னும் மோசம். உலகப் போருக்குப் பிறகு தோட்டங்களில் கூலி உயர்வு கேட்டு வேலை நிறுத்தங்கள் நடந்தன. அதற்கு முன்னால் நின்றவர்களில் ஒருவர் எஸ். ஏ. கணபதி. தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்து, சிறு வயதிலேயே மலேயா போனவர். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர். அகில மலேயாத் தொழிற்சங்க சம்மேளனத்துக்குத் தலைவராக இருந்தார். 1948 ஜூன் மாதத்திலேயே அந்தச் சம்மேளனத்தைச் சட்டத்துக்குப் புறம்பாக்கினார்கள். 1949 மார்ச்சில் கணபதியைப் பிடித்தார்கள். கையில் ஒரு துப்பாக்கியும் ஆறு தோட்டாவும் இருந்தன என்பது குற்றச்சாட்டு.

அவசர நிலைச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு. யாரையும் சுட்டிருக்கவேண்டும் என்பது இல்லை. இந்திய சர்க்கார் கருணை காட்டச் சொல்லிக் கேட்டுப் பார்த்தது. பலன் இல்லை. 1949 மே 4-ந் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் கணபதி தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தின நாள்தான் இன்னொரு தொழிற்சங்கத் தலைவரான வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

கணபதி கம்யூனிஸ்டுதான். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கூலி கேட்பவனுக்கும் குண்டு போடுபவனுக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஆண்டில் மறைந்துபோயிற்று. தோட்டத் தொழிலாளர்களுக்கு நாடு முழுவதற்கும் ஒரே பெரிய சங்கம் உருவாக 1954 வரை காத்திருக்கவேண்டியதாயிற்று.

முள்வேலிக்குள் ஐந்து லட்சம் பேர்

இரண்டு ஆண்டு ஆகியும் கொலைகள் குறையவில்லை. 1950-ல் பிரிக்ஸ் என்ற தளபதியை அழைத்தார்கள். அவர் இந்தியப் பட்டாளத்தில் வேலை பார்த்து, ஓய்வு பெற்றிருந்தவர்.

காட்டுக்காரர்களுக்குச் சோறு போடுவது யார் என்று பிரிக்ஸ் பார்த்தார். காட்டோரத்தில் பட்டா இல்லாத நிலத்தில் குடிசை போட்டுப் பயிர் செய்த சீன ஏழைகள். சிலர் விரும்பிக் கொடுத்தார்கள். பலர் பயந்து கொடுத்தார்கள். அவர்களை அங்கிருந்து கிளப்பிவிட்டால் காட்டுக்காரன் பட்டினி கிடப்பான் என்று பிரிக்ஸ் கணக்குப் போட்டார்.

விடியற்காலையில் பட்டாளம் வந்து குடிசைகளைச் சுற்றிக்கொள்ளும். சட்டி பானை, கோழி, பன்றி, பிள்ளை குட்டி எல்லாம் லாரியில் ஏறும். பின்னால் குடிசை எரியும். ஐந்து லட்சம் பேருக்கு மேல் இப்படிப் பெயர்க்கப்பட்டார்கள். நானூறுக்கு மேற்பட்ட 'புதுக் கிராமங்கள்' எழும்பின. சுற்றிலும் முள்வேலி, மூலைக்கு மூலை காவல் கோபுரம், இரவில் ஊரடங்கு. தோட்டத்து லயங்களையும் ஓரிடத்தில் சேர்த்து வேலி போட்டார்கள். அதில் தமிழர்களும் அடங்கிவிட்டார்கள்.

பிரிக்ஸ் இன்னொன்றும் செய்தார். பலர் இதைக் கவனிப்பதில்லை. என் மனசுக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் ஜில்லாவிலும் ஒரு கமிட்டி வைத்தார். ஜில்லா அதிகாரி, போலீஸ் அதிகாரி, பட்டாள அதிகாரி மூவரும் ஒரே மேஜையில் உட்காரவேண்டும். தலைமை யாருக்கு? பட்டாளத்துக்கு இல்லை. ஜில்லா அதிகாரிக்கு! பட்டாளம் தன் இஷ்டத்துக்குக் காட்டைக் கலக்குவது அதோடு குறைந்தது.

சோறு கடத்திய பெண்கள்

வேலி போட்டால் ஆயிற்றா? காலையில் வாசல் திறந்தால்தானே ஜனங்கள் வேலைக்குப் போகமுடியும்?

வாசலில் சோதனை. ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. ஒரு பிடி அரிசி வெளியே போகக் கூடாது. ஆனாலும் போயிற்று! சைக்கிள் பம்புக்குள் அரிசியைக் கொட்டிக்கொண்டு போனார்கள். பன்றிக்குக் கழனி கொண்டுபோகும் வாளிக்கு இரட்டை அடி வைத்து, நடுவில் அரிசியை ஒளித்தார்கள். காட்டுக்குள் இருந்தது தன் பிள்ளையாகவோ தம்பியாகவோ இருந்தால் எந்தத் தாய்தான் சும்மா இருப்பாள்?

சர்க்கார் அதற்கும் வழி செய்தது. தகர டப்பாவில் அடைத்த மீனையோ பாலையோ விற்கும்போது கடைக்காரர் டப்பாவை ஓட்டை போட்டுத்தான் கொடுக்கவேண்டும். ஓட்டை விழுந்தால் சீக்கிரம் கெட்டுவிடும், காட்டுக்குப் போகாது.

1956-ல் சில வட்டாரங்களில் அரிசியை வீட்டுக்கே கொடுக்கவில்லை. ஊருக்கு ஒரு பொதுச் சமையல். வெந்த சோறாகத்தான் வாங்கிக்கொள்ளலாம். அந்தச் சூட்டில் சோறு ஒரே நாளில் ஊசிப்போகும் அல்லவா? வீட்டு அடுப்பில் உலை வைக்கக் கூடாது என்று சொன்ன சர்க்கார் அது!

வாசல் சோதனையில் பெண்கள் பட்ட அவமானம் கொஞ்சம் அல்ல. 1956-ல் செமெனி என்ற ஊரில் அது பெரிய கூச்சலாயிற்று. துணியைக் களையச் சொல்லிச் சோதிக்கிறார்கள் என்று பெண்கள் புகார் சொன்னார்கள். சர்க்கார் விசாரணைக் கமிஷன் வைக்கும்படி ஆயிற்று.

டெம்ப்ளர் வந்தார்

1951 அக்டோபர் 6-ந் தேதி மலைச்சாலையில் காரில் போய்க்கொண்டிருந்த ஹைகமிஷனர் கர்னியையே சுட்டுக் கொன்றார்கள். மலேயாவுக்கே அவர்தான் பெரிய துரை! லண்டன் நடுங்கிப் போயிற்று.

1952 பிப்ரவரியில் ஜெனரல் டெம்ப்ளர் வந்தார். சிவில் அதிகாரம், பட்டாள அதிகாரம் இரண்டும் அவர் கையில். முன்கோபக்காரர். மார்ச்சு மாதம் தஞ்சோங் மாலிம் என்ற ஊருக்குப் பக்கத்தில், வெட்டப்பட்ட தண்ணீர்க் குழாயை ரிப்பேர் செய்யப் போன 12 பேரைக் காட்டுக்காரர்கள் கொன்றார்கள். டெம்ப்ளர் நேரே அந்த ஊருக்குப் போனார். பெரியவர்களைக் கூட்டித் திட்டினார். நாளில் 22 மணி நேரம் ஊரடங்கு போட்டார். அரிசி ரேஷனைக் குறைத்தார். குற்றம் செய்தவன் யாரோ, பட்டினி ஊருக்கே!

பிறகு வீட்டுக்கு வீடு ஒரு தாள் கொடுத்தார்கள். 'உனக்குத் தெரிந்ததை எழுது, பெயர் போடவேண்டாம்' என்றார்கள். தாள்களைப் பூட்டிய பெட்டியில் போட்டு, டெம்ப்ளர் முன்னால் திறந்தார்கள். சுமார் 40 பேர் கைதானார்கள். சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான் ஊரடங்கை எடுத்தார்கள். இங்கிலாந்துப் பத்திரிகைகளே இதைக் கண்டித்து எழுதின.

அதே டெம்ப்ளர்தான், சண்டையில் துப்பாக்கியின் பங்கு கால்வாசி, மக்கள் மனசைப் பிடிப்பது முக்கால்வாசி என்ற கருத்தைச் சொன்னவர். சொன்னதோடு நிற்கவில்லை. லட்சக்கணக்கான சீனர்களுக்கும் இந்தியர்களுக்கும் குடியுரிமை கிடைக்க வழி திறந்தது. புதுக் கிராமங்களில் பள்ளிக்கூடமும் குழாய்த் தண்ணீரும் வந்தன. கிராமக் கமிட்டிக்குத் தேர்தல் நடந்தது. தொந்தரவு ஓய்ந்த இடத்தை 'வெள்ளைப் பகுதி' என்று அறிவித்து, ஊரடங்கையும் ரேஷனையும் நீக்கினார்கள். 1953 செப்டம்பரில் மலாக்காவில் அது ஆரம்பமாயிற்று. தன் ஊரும் வெள்ளைப் பகுதி ஆகாதா என்று ஜனங்களுக்கு ஆசை பிறந்தது.

துப்புக் கொடுத்தால் பணம். சரண் அடைந்தால் மன்னிப்பு. சின் பெங் தலைக்கு இரண்டரை லட்சம் மலேயா டாலர்! சரண் அடைந்தவனே போலீசைக் கூட்டிக்கொண்டு போய்ப் பழைய கூட்டாளிகளின் இருப்பிடத்தைக் காட்டினான். நூறு பேர் காட்டைக் கலக்கிக் கிடைக்காதது, ஒரே ஒருவன் வாய் திறந்ததில் கிடைத்தது.

செத்தவர்கள் கணக்கைப் பார்த்தாலும் இது விளங்கும். 12 ஆண்டில் பட்டாளத்தார் 519 பேர் மாண்டார்கள். போலீசார் சுமார் 1,350 பேர் மாண்டார்கள். காட்டுக்காரர்கள் பக்கம் சுமார் 6,700 பேர். இரண்டு பக்கமும் இல்லாத பொதுமக்கள் 2,400-க்கு மேல்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பேச்சு

1955 டிசம்பர் 28. பாலிங் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடம். சின் பெங் காட்டில் இருந்து வெளியே வந்தார். எதிரே துங்கு அப்துல் ரகுமான். தேர்தலில் ஜெயித்து முதல் மந்திரி ஆனவர். இரண்டு நாள் பேசினார்கள்.

"சரண் அடையுங்கள்" என்றார் துங்கு. சின் பெங் சம்மதிக்கவில்லை. கட்சிக்கு அங்கீகாரம் வேண்டும் என்றார். ஆனால் ஒன்று சொன்னார்: நாட்டின் உள் பாதுகாப்பும் ராணுவமும் வெள்ளைக்காரர் கையை விட்டு மலேயா மந்திரிகள் கைக்கு வந்தால், சண்டையை நிறுத்தத் தயார்.

துங்கு அந்தப் பேச்சை வீணாக்கவில்லை. அடுத்த மாதமே லண்டன் போய் அதிகாரத்தைக் கேட்டார். 1957 ஆகஸ்டு 31-ந் தேதி மலேயா சுதந்திரம் அடைந்தது. வெள்ளைக்காரனை விரட்டத்தான் சண்டை என்று சொன்னவர்களுக்கு, அதற்குப் பிறகு சொல்ல என்ன இருக்கிறது? கூட்டம் கூட்டமாகச் சரண் அடைந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் தாய்லாந்து எல்லைக்குப் போய்ப் பதுங்கினார்கள்.

1960 ஜூலை 31-ந் தேதி அவசர நிலை முடிந்தது. கோலாலம்பூரில் ஊர்வலம் நடந்தது.

அவசர நிலை முடிந்த மறுநாளே, ஆகஸ்டு 1-ந் தேதி, உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. விசாரணை இல்லாமல் ஆளைச் சிறையில் வைக்க அது இடம் கொடுத்தது. பட்டாளம் பாசறைக்குத் திரும்பிவிட்டது. பட்டாளத்தோடு வந்த சட்டம் போகவில்லை. காட்டுக்காரர்களுக்காக என்று போட்ட சட்டத்தில், பின்னால் எதிர்க்கட்சித் தலைவர்களும் வக்கீல்களும் உள்ளே போனார்கள். 2012-ல்தான் அது ரத்தாயிற்று. அதற்குப் பதிலாக வேறொரு பாதுகாப்புச் சட்டம் வந்தது.

மலேயாவைப் பார்த்து 1962-ல் தென் வியத்நாமிலும் வேலி போட்டுக் கிராமங்கள் கட்டினார்கள். இரண்டு ஆண்டு கூட நிற்கவில்லை. வேலியைக் காப்பி அடித்தார்கள். குடியுரிமையையும் தேர்தலையும் சுதந்திரத்தையும் காப்பி அடிக்க மறந்துவிட்டார்கள்.

சின் பெங் 1989 டிசம்பர் 2-ந் தேதி தாய்லாந்தில் ஹாட்யாய் நகரில் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். ஆயுதங்களைப் போட்டாயிற்று. பிறந்த ஊருக்குத் திரும்பவேண்டும், பெற்றோர் சமாதியைப் பார்க்கவேண்டும் என்று கேட்டார். மலேசியா சர்க்கார் விடவில்லை. கோர்ட்டுக்குப் போனார். அங்கேயும் தோற்றார். 2013 செப்டம்பர் 16-ந் தேதி பாங்காக்கில் இறந்தார். ஆறு ஆண்டு கழித்து அவருடைய அஸ்தியைச் சிலர் ஓசைப்படாமல் மலேசியாவுக்குக் கொண்டுவந்து, பேராக் மாநிலத்து மலைப் பக்கத்தில் தூவிவிட்டார்கள். செய்தி வெளியே தெரிந்தபோது அங்கே பெரிய சர்ச்சை கிளம்பியது.

முள்வேலிகள் எப்போதோ போய்விட்டன. ஆனால் அந்தக் கிராமங்களில் பல இன்றைக்கும் இருக்கின்றன. எழுபது ஆண்டுக்கு மேல் ஆகியும், 'புது' என்ற பெயர் மட்டும் அவற்றை விட்டுப் போகவில்லை.